பேச்சு நின்றுபோன தொழில்நுட்ப மன்றத்தைத் திரும்பப் பேசவைக்க

இணைய மன்றம் அடங்கிவிட்டது என்று தெரிந்ததும் நிர்வாகிகள் முதலில் கை வைப்பது தோற்றத்தில்தான். புது நிறம், புது முகப்பு, பதக்கம், புள்ளிப் பட்டியல். வீண் வேலை. கேள்வி கேட்டுப் பதில் வராமல் போனவர் இரண்டாம் தடவை கேட்பதில்லை; அவருடைய அனாதைத் திரியை (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்ததே திரி) பார்க்கிற அடுத்த ஆளும் கேட்காமல் போய்விடுகிறார். கேள்வி விழுந்ததிலிருந்து முதல் பதில் வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் மன்றத்தின் நாடி. வைத்தியம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

கடைசி 50 திரிகளை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். கேட்டவர் புதியவரா பழையவரா, முதல் பதில் வர எத்தனை மணி நேரம் ஆனது, பதில் சொன்னவர் யார், சிக்கல் தீர்ந்ததா: இவ்வளவு போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த 50 திரிகளையும் பக்கத்தில் வையுங்கள். டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓடும் மன்றம் என்றால் முதல் பதிலுக்கான நேரம், பதிலே வராத திரிகள் ஆகிய இரண்டு அறிக்கைகளும் நிர்வாகப் பக்கத்திலேயே தயாராக இருக்கும். பழைய மன்ற மென்பொருள்களில் கையால் எண்ண வேண்டியிருக்கும்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்து பதில்கள் மட்டும் குறைந்திருந்தால், பதில் சொல்கிறவர்கள் களைத்துவிட்டார்கள் என்று பொருள். இரண்டு பேர் மட்டுமே முக்கால்வாசிப் பதில்களை எழுதியிருப்பது பட்டியலில் பளிச்சென்று தெரியும். வாசகர் வருகை குறையாமல் கேள்விகள் குறைந்திருந்தால் வாசலில் ஏதோ அடைப்பு. வருகையும் சேர்ந்தே சரிந்திருந்தால் தேடுபொறி, வழங்கி (தளம் ஓடும் கணினி), உடைந்த இணைப்பு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

எந்தக் கேள்வி திரும்பி வராது?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமாக 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற பெருந்தளத்திலேயே அதன் பிறகு புதுக் கேள்விகள் வேகமாகச் சரிந்தன. 'பைத்தானில் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது' என்ற வகைக் கேள்வி இனி மன்றத்துக்கு வராது. அதற்காக ஏங்குவதில் பயனில்லை. அதே கேள்வியை ஆயிரமாவது தடவை பார்க்கிற எரிச்சலும் இனி இல்லை.

மன்றத்துக்கு மிச்சம் இருப்பது, கையில் பொருளை வைத்திருக்கிறவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில்கள். இந்த மாடல் மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினால் வைஃபை அட்டை வேலை செய்கிறதா, தமிழ் எழுத்துகள் பிடிஎஃப் கோப்பில் ஏன் உடைகின்றன, அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர் மெமரி கார்டு கெடாமல் என்ன செய்கிறார் என்பவை அப்படிப்பட்டவை. வகைப் பெயர்களும் முகப்பு அறிவிப்பும் இந்த மாதிரிக் கேள்விகளை அழைப்பதாக இருக்கட்டும்.

வாசலைத் திறந்துவிடுங்கள்

புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, அந்நியர் போல உங்கள் மன்றத்தில் பதிவு செய்து பாருங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வருகிறதா, குப்பைப் பெட்டிக்குப் போகிறதா? 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கிவிட்டன. மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்பினால் அவை இரண்டோடு, தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். வந்த மடலைத் திறந்து, அதன் மூலத்தைக் காட்டும் தெரிவை அழுத்தினால் மூன்றும் தேறியிருக்கின்றனவா என்று அங்கேயே தெரியும். தேறாவிட்டால் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் உரிய வரிகளைச் சேர்க்க வேண்டும். சின்ன மன்றமாக இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். 'உறுப்பினர்களுக்கு ஆர்வம் போய்விட்டது' என்று புலம்பும் மன்றங்களில், பதில் வந்த செய்தியே உறுப்பினருக்குப் போய்ச் சேராமல் இருப்பதும் உண்டு.

அடுத்தது, புதியவர்மேல் போட்டிருக்கும் கட்டுப்பாடுகள். டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பில் புதியவர் ஒரு பதிவில் ஒரு படமும் இரண்டு இணைப்புகளும்தான் போடலாம். கோப்பு இணைக்க முடியாது. அவர் ஒரு படி ஏற, 5 திரிகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவிட்டிருக்க வேண்டும். எரிதத்துக்கு (வேண்டாத விளம்பரப் பதிவுகளுக்கு) எதிராக நல்ல வேலிதான். ஆனால் கணினி நின்றுபோய், பிழைப் பதிவுக் கோப்பும் இரண்டு திரைப்பிடிப்புகளுமாக ஓடி வருகிறவரையும் அது வெளியே நிறுத்துகிறது. படங்களை 4 ஆகவும் கோப்புகளை 1 ஆகவும் உயர்த்துங்கள். இணைப்பு வரம்பை அப்படியே விடுங்கள், எரிதர்கள் வருவது இணைப்பு போடத்தான். முதல் பதிவை மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) பார்த்த பிறகே வெளியிடும் முறை இருந்தால், அந்த வரிசையை ஒரு நாளில் மூன்று தடவையாவது பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த முறையே வேண்டாம்.

வகைகள் 20 இருந்து, பாதியில் கடைசிப் பதிவு 2021 என்று காட்டினால், வந்தவர் ஆள் இல்லாத வீடு என்று நினைத்துத் திரும்பிவிடுவார். நான்கு அல்லது ஐந்தாகச் சுருக்குங்கள். டிஸ்கோர்ஸில் திரியின் முகவரியில் வகைப் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. அதனால் வகை மாற்றினாலும் பழைய இணைப்பு உடையாது. மென்பொருளையே மாற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு பழைய முகவரிக்கும், புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 வழிமாற்று போட வேண்டும். அதை விட்டுவிட்டால் பல ஆண்டுத் தேடல் வருகை போய்விடும்.

பிறகு, அதிகம் வாசிக்கப்படும் 20 திரிகளை, உள்நுழையாமல் திறந்து பாருங்கள். 2017இல், படங்களைச் சேமித்து வைக்கும் ஃபோட்டோபக்கெட் தளம், பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. உலகம் முழுக்க எத்தனையோ செய்முறைத் திரிகளில் படங்கள் மறைந்து அறிவிப்புப் பலகை மட்டும் நின்றது. உங்கள் திரிகளிலும் இப்படி ஓட்டைகள் இருக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் படம் கிடைத்தால் எடுத்து உங்கள் வழங்கியிலேயே ஏற்றுங்கள்.

தளம் அடிக்கடி திணறுகிறது என்றால் செயற்கை நுண்ணறிவுப் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) பழைய பக்கங்களை விடாமல் சுரண்டுவது காரணமாக இருக்கலாம். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை வேண்டுகோள் என்று வரம்பு வையுங்கள். எந்தப் பக்கத்துக்கு வரலாம் என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் எழுதுவது வெறும் வேண்டுகோள்தான், மதிக்காத பாட்கள் மதிக்காது. மறித்த கையோடு கூகுள் தேடல் பாட்டையும் மறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை வைத்துப் பதில்

மற்றதெல்லாம் முன்வேலை. ஏழு பேரைப் பிடியுங்கள்; ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள், அந்த நாளில் அரை மணி நேரம். இலக்கு ஒன்றே: எந்தக் கேள்விக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதரின் பதில். தீர்வு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'எந்தப் பதிப்பு, பிழைச் செய்தி முழுசாக என்ன, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்' என்று கேட்டாலே திரி உயிரோடு இருக்கும், பின்னால் வருகிற விவரமான ஆளுக்கும் வேலை எளிது. அதே மூன்று கேள்விகளைப் புதுத் திரி எழுதும் பெட்டியிலேயே மாதிரியாக நிரப்பி வையுங்கள். பன்னிரண்டு வரிப் படிவம் வைத்தால் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி ஆகிவிடும்; ஆள் ஓடிவிடுவார்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். முறைக்காரர்கள் ஆர்வத்தில் ஐந்தே நிமிடத்தில் முழுத் தீர்வையும் எழுதிவிட்டால் மற்ற உறுப்பினர்களுக்குப் பேச இடமில்லை. அவசரமில்லாத கேள்வியை ஆறு மணி நேரம் விட்டு வையுங்கள். இன்னொன்று, தொனி. 'இது ஏற்கெனவே பேசியாச்சு, தேடிப் பாருங்க' என்று பூட்டுப் போடுவது. பழைய திரி இருந்தால் இணைப்பைக் கொடுத்து, அதில் எந்தப் பகுதி இவருக்குப் பொருந்தும் என்று ஒரு வரி எழுதுங்கள். போலிக் கணக்கில் நீங்களே கேள்வி போட்டு நீங்களே பதில் சொல்லும் வேலை வேண்டாம். பழைய உறுப்பினர்கள் மொழிநடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இயந்திரம் எழுதிய பதில்களுக்கும் விதி வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அவற்றைத் தடை செய்தது. பார்க்கச் சரி போலிருக்கும், ஓட்டினால் உடையும், சரிபார்க்கும் பாடு மற்றவர் தலையில் விழும். 'நீங்கள் உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்' என்ற ஒரு வரி விதியே போதும்.

வாட்ஸாப்பை எதிர்க்க வேண்டாம்

பேச்சு நின்றுவிடவில்லை, வாட்ஸாப், டெலிகிராம், டிஸ்கார்ட் குழுக்களுக்குக் குடிபோயிருக்கிறது. அங்கே வரும் நல்ல பதிலைத் தேடுபொறியால் காண முடியாது, இரண்டு நாளில் 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். குழுவை மூடச் சொன்னால் சண்டைதான் வரும். வாரம் ஒரு நல்ல கேள்வி-பதிலைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரிடம் அனுமதி கேட்டு, கைபேசி எண்ணையும் பெயரையும் நீக்கி மன்றத்தில் திரியாக்குங்கள். இணைப்பைக் குழுவில் போடுங்கள். அடுத்த தடவை அதே கேள்வி வரும்போது இணைப்பைக் கொடுக்கும் பழக்கம் தானாக வரும்.

தலைப்பில் சாதனத்தின் மாடலும் பதிப்பும் இருக்கட்டும். பிழைச் செய்தியை மொழிபெயர்க்காமல் திரையில் உள்ளபடி ஒட்டுங்கள், தேடுகிறவர் அதைத்தான் ஒட்டித் தேடுவார். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவரைத் திருத்த வேண்டாம். தலைப்பை மட்டும் மட்டுறுத்துநர் தமிழ் எழுத்துக்கு மாற்றினால் போதும்.

பழையவர்களை அழைப்பது

எல்லோருக்கும் ஒரே மடலை மொத்தமாக அனுப்பாதீர்கள். பாதி முகவரி செத்திருக்கும், மிச்சத்தில் சிலர் எரிதம் என்று அழுத்துவார்கள், உங்கள் டொமைன் பெயர் கெடும். வாரம் பத்துப் பேருக்கு, தனித்தனியாக, ஒரு குறிப்பிட்ட காரணத்தோடு எழுதுங்கள்: 'நீங்கள் எழுதிய அச்சுப்பொறித் திரியில் ஒருவர் புதுப் பதிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஒரு நிமிடம் பார்க்க முடியுமா?' பதில் வராதவருக்கு இரண்டாம் மடல் கிடையாது.

பன்னிரண்டு வாரம் இப்படி ஓட்டிவிட்டு அதே விரிதாளை மறுபடி நிரப்புங்கள். பதிவு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். முதல் பதிலின் நேரம் குறைந்திருக்கிறதா, முறைக்காரர் அல்லாதவர்கள் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், கேட்டவரில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்று பாருங்கள். மூன்றிலும் அசைவே இல்லையென்றால் மன்றத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றி, பக்கங்களை நிலையான எச்டிஎம்எல் கோப்புகளாக எடுத்து வையுங்கள். கேள்வி-பதில் தளமான யாகூ ஆன்சர்ஸ் 2021 மே 4 அன்று மூடப்பட்டது போல எல்லாவற்றையும் இருட்டாக்க வேண்டாம். தனிமடல்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உள்ள தரவுத்தளத்தை இணையத்திலிருந்து அகற்றுங்கள், டொமைனை மட்டும் ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். காலாவதியான பெயரைச் சூதாட்டத் தளக்காரர்கள் வாங்கி, உங்கள் பழைய இணைப்புகள் எல்லாவற்றிலும் கடை போட்டுவிடுவார்கள்.