தான்சானியா கிளாஸ்ல இங்கிலீஷ்ல பாடம் எடுக்கப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

தான்சானியால 120க்கும் மேல பாஷை இருக்கு. கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல் முழுக்க நாட்டோட பொது பாஷையான ஸ்வாஹிலிலதான் பாடம், இங்கிலீஷ் ஒரு சப்ஜெக்ட் மட்டும், ஆனா ஃபார்ம் ஒன் (செகண்டரி ஸ்கூல் முதல் வருஷம்) போனதும் பயாலஜி, ஜியாகிரஃபின்னு கிட்டத்தட்ட மொத்தமும் இங்கிலீஷுக்கு மாறிடும். அதுவரைக்கும் வாயாடிட்டிருந்த பசங்க திடீர்னு வாய மூடிக்குவாங்க. புதுசா போற டீச்சர் அதப் பாத்துட்டு "எல்லாம் வீக்கு"ன்னு முடிவு கட்டிடறாங்க.

இதவிட பெரிய தப்பு, கோரஸ நம்புறது. டீச்சர் "போட்டோசிந்..."னு இழுத்தா மொத்த கிளாஸும் "...தசிஸ்!"னு முடிக்கும். "புரிஞ்சுதா?"ன்னா "யெஸ் டீச்சர்!". கேக்க ஜோராதான் இருக்கும், ஆனா அதுல யாருக்கு என்ன புரிஞ்சுதுன்னு ஒண்ணும் தெரியாது. அதுக்கு பதிலா "செடிய இருட்டு ரூம்ல வச்சா என்னாகும், ஏன்?"னு கேளுங்க, ஒரே பெஞ்சுல இருக்கறவங்க ரெண்டு நிமிஷம் ஸ்வாஹிலிலயே பேசிக்கட்டும், அப்புறம் ஒருத்தர எழுப்பி இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. சொல்ல விஷயம் கைல இருந்தாத்தான் வாய் தொறக்கும். உடனே பதில் வரலன்னு அடுத்த ஆள்கிட்ட தாவிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

ஸ்வாஹிலி பேசினா தண்டனைங்கறது சுத்த வேஸ்ட். பக்கத்து கென்யால தாய்மொழி பேசின பசங்க கழுத்துல கட்டைய மாட்டி விட்ட காலமெல்லாம் உண்டு. 1970ல நைஜீரியால இஃபேங்கற ஊர்ல பாப்ஸ் ஃபஃபுன்வாங்கற கல்வியாளரோட டீம் பிரைமரி 6 வருஷமும் பசங்களோட தாய்மொழியான யோருபாலயே பாடம் எடுத்து, இங்கிலீஷ தனி சப்ஜெக்டா ஒழுங்கா சொல்லிக்கொடுத்துப் பாத்தாங்க, அந்தப் பசங்க இங்கிலீஷ்லயும் பின்தங்கிடல. பேரண்ட்ஸ் இங்கிலீஷ் இங்கிலீஷ்னு நிக்கறதயும் தப்பு சொல்ல முடியாது, ஃபார்ம் டூ எக்ஸாமே பெரும்பாலும் அதுலதான.

அதுக்காக ஒவ்வொரு வரியயும் இங்கிலீஷ்ல சொல்லி உடனே ஸ்வாஹிலிலயும் சொல்லாதீங்க. எப்படியும் ஸ்வாஹிலி வரும்னு தெரிஞ்சா இங்கிலீஷ எவன் காதுல வாங்குவான்? கஷ்டமான எடத்துக்கு மட்டும் வச்சுக்குங்க. இன்னொண்ணு, சுகுமா, மசாய் இன ஜனங்க இருக்கற ஊர்ப்பக்கம் நெறைய பசங்களுக்கு ஸ்வாஹிலியே ரெண்டாவது பாஷை, இங்கிலீஷ் மூணாவது.

கடைசியா, பேசும்போதே குறுக்க திருத்தறது. ஸ்வாஹிலில ஆண் பெண் ரெண்டுக்கும் 'யேயே'தான், அதனால 'ஹி', 'ஷி' மாறத்தான் செய்யும், அம்மாவப் பத்தி சொல்லும்போது 'ஹி'ன்னு வந்தா விட்டுடுங்க, நோட்ல குறிச்சு வச்சுக்கிட்டு பீரியட் முடியறப்ப யார் பேரும் சொல்லாம போர்டுல போட்டு எல்லாருக்கும் சேத்து சொல்லிக்கலாம்.