வன்னி வீடுகளுக்கு எல்.ஈ.டி. பல்ப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வீட்டு மின்சாரக் கட்டண முறையில் 60 அலகு ஒரு முக்கியமான எல்லை. மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கும் அடுத்த 30 அலகுக்கும் குறைந்த விலைகள் உண்டு. எல்லை தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். முதல் அலகிலிருந்தே கூடிய விலையில் கணக்குப் போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். வீட்டில் நான்கு 60 வாட்ஸ் குண்டு பல்ப் இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 36 அலகு ஓடும். அதே நான்கு இடத்தில் 9 வாட்ஸ் எல்.ஈ.டி. எரிந்தால் ஐந்தரை அலகு கூட வராது. சிறிய குடும்பம் ஒன்று எந்த விலையில் பில் கட்டும் என்பதையே இந்த வித்தியாசம் மாற்றிவிடும். ஆகவே பல்ப் வாங்குவதைச் சில்லறை விடயமாக எண்ணிக் கையில் கிடைத்ததை எடுத்துவரக் கூடாது.

கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று மட்டும் கேட்பது பலரும் செய்யும் முதல் பிழை. வாட்ஸ் சொல்வது பல்ப் தின்னும் மின்சாரத்தை. அது தரும் வெளிச்சத்தைச் சொல்வது லூமன். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஏறத்தாழ 700 முதல் 800 லூமன் தந்தது. நல்ல எல்.ஈ.டி. அதை 8 அல்லது 9 வாட்ஸில் தந்துவிடும். பெட்டியில் லூமன் எண்ணே அச்சிடப்படாத பல்பை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் என் பேச்சு அதுதான்.

அடுத்தது சூடு. "எல்.ஈ.டி. பத்து வருடம் எரியும் என்றார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டது" என்ற குறை வன்னியில் ஊருக்கு ஊர் கேட்கிறது. மலிவான பல்ப் விரைவில் போகும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல பல்பும் இங்கே சீக்கிரம் சாகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அதை மாட்டும் இடம். எல்.ஈ.டி. பல்பின் அடிப்பாகத்துக்குள் 230 வோல்ட் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறிய சுற்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள மின்தேக்கி சூட்டைத் தாங்காது. வெப்பம் பத்துப் பாகை கூடக்கூட அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சித்திரை, வைகாசியில் தகரக்கூரைக்குக் கீழே பகல் முழுக்க ஏறிய சூடு, விளக்குப் போடும் நேரத்திலும் முழுதாக இறங்குவதில்லை. அந்தக் கூரையோடு ஒட்டி, அதுவும் மூடிய கண்ணாடிக் கோளத்துக்குள் பல்பைப் பூட்டினால், அதன் சொந்தச் சூடும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

செய்யவேண்டியது கடினமில்லை. தகரத்திலிருந்து பல்பைக் கீழே இறக்கித் தொங்கவிடுங்கள். சூடு குறைவதோடு வெளிச்சமும் வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட வரும். உயரத்தில் தொங்கும் 15 வாட்ஸ் பல்பைவிட, பிள்ளை படிக்கும் மேசைக்கு மேலே இறக்கிய 7 வாட்ஸ் பல்ப் கூடிய பயன் தரும். மூடிய கோளம்தான் வேண்டுமென்றால், மூடிய பொருத்தியில் பாவிக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல்பைத் தேடி எடுங்கள். காற்றுப் போகும் திறந்த ஹோல்டர் எல்லாவற்றிலும் நல்லது.

மின்னழுத்தத்தையும் மறந்துவிடுகிறோம். றான்ஸ்போமரிலிருந்து வெகுதூரம் கம்பி இழுத்த ஊர்களில், தோட்டத்து மோட்டர்கள் ஒன்றாக ஓடும் நேரம் வோல்ட் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலோடு மழை கொட்டும்போது திடீரென்று ஏறும். பெட்டியில் "220–240 வோல்ட்" என்று மட்டும் போட்ட பல்ப் இதற்குப் பொருந்தாது. 170 முதல் 265 வரை, அல்லது அதைவிட அகலமான வீச்சுப் போட்டிருப்பதை எடுங்கள். எஸ்.எல்.எஸ். என்னும் இலங்கைத் தர முத்திரை, உத்தரவாதக் காலம், கடை முத்திரையோடு பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வெட்கப்படத் தேவையில்லை.

வீடு முழுக்க 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் போடுவதும் பழக்கமாகிவிட்டது. குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் அது சரி. விறாந்தைக்கும் முற்றத்துக்கும் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போடுங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சிகள் கூடுதலாக வரும். முதல் மழையோடு ஈசல் கிளம்பும் நாட்களிலும், வயலில் பயிர் நிற்கும் காலத்திலும் இந்த வித்தியாசத்தைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே காணலாம். கிணற்றடிக்கும் கேற்றடிக்கும் வீட்டுக்குள் மாட்டும் பல்பைப் பூட்ட வேண்டாம். மழைநீர் புகாத, ஐ.பி.65 என்று குறித்த வெளிவிளக்கே அங்கே வேண்டும். யானை வரும் காட்டுக்கரைக் கிராமங்களில் வளவு விளக்கை இரவு முழுக்க எரியவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விடிந்த பிறகும் எரியாமல் தானாக அணைக்கும் ஒளியுணரி உள்ளதை வாங்கினால் வீண்செலவு நிற்கும்.

பழைய ரியூப் லைற் பொருத்தியில் எல்.ஈ.டி. ரியூப்பை அப்படியே செருகுபவர்கள் உண்டு. எல்லா ரியூப்பும் அதற்கு ஒத்துவராது. சிலவற்றுக்கு ஸ்ரார்ட்டரை மாற்ற வேண்டும், சிலவற்றுக்குச் சோக்கையே கழற்றி நேரடியாகக் கம்பி கொடுக்க வேண்டும். எது என்று பெட்டியில் படம் இருக்கும். கம்பி வேலையை வயறிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சுவிச்சை அணைத்த பிறகும் எல்.ஈ.டி. மங்கலாக மினுங்கினால் பல்பைத் திட்டாதீர்கள். சுவிச்சில் சிறு சிவப்பு விளக்கு இருந்தால் அது காரணமாக இருக்கலாம், அதனால் ஆபத்தில்லை. சுவிச் லைவ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டும்படி வயறிங் செய்திருந்தாலும் இப்படி மினுங்கும். அது ஆபத்து. சுவிச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்ப் மாற்றக் கை வைத்தவருக்கு அடிக்கும். உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

2022 பங்குனியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது பற்றரி உள்ள சார்ஜ் பல்புகள் வீடுவீடாக வந்தன. அவற்றைத் தினமும் எரியும் பல்பாகப் பாவித்தால் சூட்டில் பற்றரி கெட்டு, வெட்டு வரும் இரவில் எரியாது. அடிக்கடி போகவர இருக்கும் ஓரிடத்தில் ஒன்று போதும்.

இன்னும் பல வீடுகளில் சுருள் வடிவ சி.எப்.எல். பல்புகள் எரிகின்றன. எரியும்வரை எரியட்டும். ஆனால் அவற்றுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பிறகு விளக்குமாறு போடாமல் தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போடுங்கள். பழுதான சி.எப்.எல். பல்பை வளவுக் குப்பையோடு எரிப்பதும் கிணற்றடியில் புதைப்பதும் வேண்டாம். ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, பிரதேச சபையில் கேட்டு, தனியாகக் கொடுங்கள்.