ஆல்ஜினேட் ஜெல்லில் செல் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டின் இரண்டு சதவீதக் கரைசலில் செல்களைக் கலந்து, ஊசிக்குழலில் ஏற்றி, கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் துளித்துளியாக விட்டால், விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு துளியும் வெந்த ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும். முதன்முதலில் பார்க்கிறவருக்கு அது கண்கட்டு வித்தைதான். நானும் மயங்கினேன். செல் வளர்ப்பு அறையில் எதற்கெடுத்தாலும் கைநீட்டி எடுக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசலால் உருண்டைகளை மூன்று முறை கழுவினேன். கடைசியாக ஊற்றியதை வடிக்காமல் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் தட்டில் ஜவ்வரிசி இல்லை. குழைந்துபோன பாயசம் இருந்தது.

பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிதான் ஆல்ஜினேட். குலுரோனேட், மானுரோனேட் என்ற இரண்டு கண்ணிகளைப் பல வரிசைகளில் கோத்த சங்கிலி அது. குலுரோனேட் தொடர்ச்சியாக வரும் இடங்களில் சங்கிலி மடிந்து குழிகள் உண்டாகின்றன. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வரும்போது அந்தக் குழிகளில் கால்சியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1973-இல் இதை விளக்கியவர்கள் முட்டைப்பெட்டி என்றே பெயர் வைத்தார்கள். அட்டையில் அடுக்கிய முட்டையை நினைத்துக்கொண்டால் போதும். ஆக, ஜெல்லைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கால்சியம் மட்டுமே. பாஸ்பேட் அதை உருவிக்கொண்டு கால்சியம் பாஸ்பேட்டாகப் படியவிடும். காலியான இடத்துக்குச் சோடியம் வரும்; சோடியத்தால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாது.

பல் மருத்துவர் அச்செடுக்க வாயில் வைக்கும் பசையும் ஆல்ஜினேட்தான். அதில் வேண்டுமென்றே கொஞ்சம் சோடியம் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். வெளிவரும் கால்சியத்தை முதலில் பாஸ்பேட் விழுங்கிவிடுவதால் பசை உடனே இறுகாது. பசையைக் குழைத்து வாய்க்குள் கொண்டுபோக மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கிறது. அங்கே உபகாரம் செய்கிற அதே பாஸ்பேட்தான் என் ஒரு வார உழைப்பைக் கரைத்தது. கழுவுவதற்குப் பாஸ்பேட் இல்லாத, சிறிதளவு கால்சியம் சேர்த்த உப்புக் கரைசலே சரி.

கழுவுவதோடு கதை முடியவில்லை. பரவலாகப் பயன்படும் செல் வளர்ப்பு ஊடகத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார், சோடியமோ 150-க்கும் மேல். நாள் செல்லச் செல்ல ஜெல் இளகிக்கொண்டே போகும். முதல் நாள் அளந்த விறைப்பை வைத்துக்கொண்டு இருபத்தோராம் நாள் செல்களின் நடத்தைக்குக் காரணம் சொல்லும் கட்டுரைகளை இன்னமும் பார்க்கிறேன். அளவீட்டுக் கருவி பக்கத்து அறையிலேயே இருக்கும்போது இது சோம்பலன்றி வேறில்லை.

அடுத்தது, "கடற்பாசி ஆல்ஜினேட் பயன்படுத்தினோம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது. ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்கள் இப்படிப் பேச மாட்டார்கள். அவர்களுக்குக் கட்டக்கோரை வேறு, பக்கோடா பாசி வேறு; மரிக்கொழுந்துப் பாசி முற்றிலும் வேறு. முதல் இரண்டும் பழுப்புப் பாசிகள், ஆல்ஜினேட் தருபவை. மரிக்கொழுந்து சிவப்புப் பாசி. அதிலிருந்து கிடைப்பது அகார். அவர்கள் கையால் தடவிச் சொல்லும் வேறுபாடு ஆய்வுக்கூடத்தில் காணாமல் போய்விடுகிறது. லாமினேரியா ஹைப்பர்போரியா என்ற வட அட்லாண்டிக் பாசியின் தண்டில் குலுரோனேட் ஏறத்தாழ 70 சதவீதம். மேக்ரோசிஸ்டிஸ் பாசியில் 40-ஐ ஒட்டித்தான். முன்னது விறைப்பாக, எளிதில் விரிசல்விடும் ஜெல்லைத் தரும். பின்னது நெகிழ்ந்து கொடுக்கும். ஒரே இனத்தில்கூடத் தண்டுக்கும் இலைக்கும், பருவத்துக்குப் பருவம், இந்த விகிதம் மாறும். புட்டியில் "சோடியம் ஆல்ஜினேட்" என்று மட்டும் இருந்தால் குலுரோனேட் விகிதத்தையும் மூலக்கூறு எடையையும் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அந்தப் புட்டி ஐஸ்கிரீமுக்கு ஆகட்டும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பிழை வேறு. "இயற்கைப் பொருள், ஆகவே உடலுக்கு உகந்தது" என்ற வாசகம். சிவப்புப் பாசியிலிருந்து வரும் காரஜீனன் என்ன செய்யும் தெரியுமா? எலியின் பாதத்தில் அதை ஊசியாகப் போட்டு வீங்கவைத்து, வீக்கத்துக்கான மருந்துகளைச் சோதிக்கும் முறை 1962 முதல் மருந்தியல் கூடங்களில் நடைமுறையில் இருக்கிறது. சாக்லேட் பாலில் சாதுவாக இருப்பதுதான் தோலுக்கடியில் போனதும் அழற்சியைக் கிளப்புகிறது. ஆல்ஜினேட் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் சுத்திகரிக்காத ஆல்ஜினேட்டில் பாக்டீரிய நச்சான எண்டோடாக்சினும், பாசியின் புரதங்களும், பாலிபீனால்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். உணவுத் தரப் பொடியை வாங்கி விலங்கின் உடலில் வைத்துவிட்டு, "ஆல்ஜினேட்டை உடல் ஏற்கவில்லை" என்று முடிவு எழுதுவது, கல் பொறுக்காத அரிசியைச் சமைத்துவிட்டுச் சோற்றைக் குறைசொல்வது போல.

ஜெல்லுக்குள் போட்டால் செல் தானே பிடித்துக்கொண்டு படரும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. பாலூட்டிச் செல்லுக்கு ஆல்ஜினேட்டில் கைப்பிடி கிடையாது. அது உருண்டையாகவே மிதந்து கிடக்கும். 1999-இல் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடங்கிய சிறு பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, ஆல்ஜினேட் சங்கிலியில் கோத்துக் காட்டிய பிறகே தசைச் செல்கள் அதில் ஒட்டிப் படர்ந்தன. எல்லா இடத்திலும் இது குறை என்று சொல்ல மாட்டேன். குருத்தெலும்புச் செல்லுக்கு உருண்டையாக இருப்பதே சுபாவம். தட்டையான தட்டில் வளர்ந்து தன் குணத்தை இழந்த அந்தச் செல்கள், அகாரிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல்லுக்குள் போனதும் அதை மீண்டும் பெற்றன என்று 1982-லேயே காட்டிவிட்டார்கள். மூட்டுக்கு வரம், தசைக்குச் சாபம்.

"நாளடைவில் கரைந்துவிடும்" என்பதும் பாதி உண்மை. கால்சியம் வெளியேறினால் ஜெல் கலைந்துவிடும், சரி. ஆனால் ஆல்ஜினேட் சங்கிலியை வெட்டும் நொதி நம் உடலில் இல்லை. நீளச் சங்கிலி சிறுநீரகத்தின் சல்லடையைத் தாண்டாது, உடலுக்குள்ளேயே சுற்றும். பெர்அயோடேட் என்ற வேதிப்பொருளால் சங்கிலியைப் பகுதியளவு ஆக்சிஜனேற்றம் செய்து, தண்ணீரிலேயே மெல்ல அறுபடும்படி செய்துகொள்ள வேண்டும்.

கிருமி நீக்க, அழுத்த நீராவிக் கலமான ஆட்டோக்ளேவில் 121 டிகிரியில் வைத்தால் சங்கிலி அறுந்து கரைசல் நீர்த்துவிடும்; அதற்குப் பதில் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிடுங்கள். கால்சியம் குளோரைடில் போட்டால் வெளித்தோல் முதலில் இறுகும், உள்ளே பின்தங்கும். ஒரே சீரான ஜெல் வேண்டுமென்றால் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து, மெல்ல அமிலமாகி அதிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் குளுக்கோனோ லாக்டோனைச் சேர்ப்பதே வழி.

உருண்டையின் அளவு விஷயத்தில் எனக்கும் இன்னும் மனம் ஒருபக்கம் சாயவில்லை. ஆக்சிஜன் நெருங்கக்கூடிய தூரம் சில நூறு மைக்ரோமீட்டர்தான் என்பதால் சிறிதாக இருப்பதே நல்லது என்று பாடம் படித்தோம். 2015-இல் எலிகளிலும் குரங்குகளிலும் வைத்துப் பார்த்தபோது, 1.5 மில்லிமீட்டர் உருண்டைகளைச் சுற்றி 0.5 மில்லிமீட்டர் உருண்டைகளைவிடக் குறைவாகவே, அந்நியப் பொருளை மூட உடல் எழுப்பும் நார்த்திசு படர்ந்தது. செல்லுக்கு மூச்சு வேண்டுமா, உடலின் கோபம் தணிய வேண்டுமா என்பதை எந்தச் செல், எந்த இடம் என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். பழைய கட்டுரையிலிருந்து விட்டத்தை நகலெடுப்பவர் இரண்டையும் யோசிப்பதில்லை.

கடைசியாக, எலியில் வெற்றி என்ற தலைப்பு. மாரடைப்பால் சிதைந்த எலியின் இதயத்தில் ஆல்ஜினேட் ஜெல்லைச் செலுத்தினால் இதயம் பலூன்போல விரிவது குறைகிறது என்று 2008-இல் வெளியானது. பன்றியிலும் நல்ல பலன். பிறகு பெரிய மாரடைப்பு வந்த 303 பேரிடம் சோதித்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: ஆறு மாதத்துக்குப் பிறகும் இதய விரிவில் குறைவில்லை. எலிக்கு அது இதயச் சுவருக்குள் நேரே போட்ட ஊசி. மனிதருக்குப் போனது இதயத் தமனி வழியாக. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்து, செய்முறைப் பகுதியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.