முடித்த பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்: பி.எச்டி. காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் சேகரித்த செடியை அன்றே அட்டையில் ஒட்டிவிட முடியாது. பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பரப்பி, மரச்சட்டத்துக்குள் அடுக்கி, வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். இலையின் ஈரம் தாளில் இறங்கும். தினமும் கட்டைப் பிரித்து, ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை வைக்க வேண்டும். இரண்டு நாள் மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், ஒரு வாரம் கொல்லிமலையில் அலைந்த அலைச்சல் வீணாகிவிடும்.

எங்கள் தாவரவியல் லேபில் இந்த வேலை மாலை நான்கு மணிக்கு நடக்கும். ஒருவர் தாள் மாற்றுவார், இன்னொருவர் படிப்பார். எட்டு வருடத்துக்கு முந்தைய தங்க விலை, 'மணமகன் தேவை' விளம்பரம், நடந்து முடிந்துவிட்ட தேர்தலுக்கு யாரோ சொன்ன ஆரூடம் என்று எது கையில் வருகிறதோ அதைச் சத்தமாகப் படிப்பார். வேதியியல் துறை ஆய்வாளர்கள்கூட டீ டம்ளரோடு வந்து வாசலில் நிற்பார்கள். ஒரு தடவை ஏதோ ஒரு தொடர்கதையின் நான்காவது அத்தியாயம் மட்டும் கிடைத்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கதாநாயகி கிணற்றடியில் நின்று அழுகிறாள், அதோடு தாள் முடிந்துவிட்டது. அவள் ஏன் அழுதாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியே அந்த வாரம் முழுக்க நூற்றுச் சொச்சம் செடிகளுக்குத் தாள் மாற்றி முடித்தோம்.

யாருக்கு ஃபெல்லோஷிப் எனும் உதவித்தொகை வரவில்லை, யாருடைய கட்டுரை திரும்பி வந்துவிட்டது, யார் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்ததும் அந்த அரைமணி நேரத்தில்தான். தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, கட்டுரையை எங்கே அனுப்புவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நான்கு மணிப் பொழுதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லித்தர ஆள் இல்லை. நான் பார்த்தவரை, அதைத் தொலைத்தவர்களுக்கு ஆய்வும் சேர்ந்தே பாரமாகிவிடுகிறது. அப்படித் தொலைக்கவைக்கும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

"எல்லாம் சினாப்சிஸ் கொடுத்த அப்புறம்"

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். தோழியின் கல்யாணம், ஊர்த் திருவிழா, தம்பியோடு ஒரு சினிமா எல்லாவற்றையும், ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் அவகாசம் உண்டு. ஆறு வருடம் என்பது ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசி, ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரும் காலம். அவ்வளவு நாளைக்கு வாழ்க்கையை அலமாரியில் பூட்டி வைக்க முடியாது.

விடுப்பு விஷயத்திலும் பலர் இப்படித்தான். யு.ஜி.சி. தரும் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குப் பொது விடுமுறைகள் போக வருடத்துக்கு 30 நாள் வரை, துறையின் ஒப்புதலோடு, விடுப்பு எடுக்க இடம் இருக்கிறது. இது தெரியாமலே ஐந்து வருடத்தை முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் இன்னும் அதிகம். விடுப்புக் கடிதம் கொடுப்பது குற்றமில்லை. ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியின் (டி.சி.) மீட்டிங் தேதியைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாதம் முன்னாலேயே கைடிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது.

டீக்கடைக்கு பேப்பர் கணக்கைக் கொண்டுபோவது

டீ குடிக்கப் போகும்போது "உனக்கு எத்தனை பேப்பர் ஆச்சு?" என்று, வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கைக் கேட்காதீர்கள். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அடுத்த நாளிலிருந்து பதில் இல்லாதவர் டீக்கு வர மாட்டார். தலைவலி என்பார், வேலை இருக்கிறது என்பார். மெல்ல மெல்லத் தனியாகிவிடுவார். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். கேம்பஸ் வாசலைத் தாண்டினால் ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் அன்றைய பஜ்ஜிக் காசைப் பேசியவர்தான் கொடுக்க வேண்டும். அந்த விதியால் எங்களுக்குள் போட்டி குறைந்ததா என்று தெரியாது, ஆனால் டீக்கு வராமல் போனவர் என்று யாருமே இல்லை.

இன்னொரு தவறு இதைவிட ஆழமாகக் காயப்படுத்தும். ஒருவரை வைத்து மற்றவர்கள் சிரிப்பது. தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வருகிறவர் கோர்ஸ் ஒர்க் செமினாரில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரிப்பார். அதை இரண்டு பேர் ஒருமுறை நடித்துக் காட்டினால் போதும், அவர் அந்த வருடம் முழுக்க வாய் திறக்க மாட்டார். எங்கள் துறையில் ஒரு தம்பி லத்தீன் தாவரப் பெயர் ஒன்றைப் பாதியில் தடுமாறி நிறுத்திவிட்டான். பின்வரிசையில் லேசாகச் சிரிப்புச் சத்தம். அந்த அக்காதான் எழுந்து, "தம்பி, லத்தீனைத் தாய்மொழியா பேசற ஊரு உலகத்துல எங்கேயும் இல்ல. நீ உன் இஷ்டத்துக்குச் சொல்லு, நாங்க புரிஞ்சுக்கறோம்" என்றார். அவனும் சிரித்துவிட்டான். மேற்கொண்டு இருபது நிமிடம் நிற்காமல் பேசினான். லேபில் சிரிப்பு வேண்டும், அதில் அவனும் சேர்ந்து சிரிக்க முடிய வேண்டும்.

"எப்பத்தான் முடியும்?" என்கிற கேள்விக்கு ஒளிந்துகொள்வது

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்ததும் வரும் கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். "இன்னும் படிச்சுட்டேதான் இருக்கியா?" "டாக்டர்னா ஊசி போடுவியா?" இதற்குப் பயந்து விசேஷங்களுக்கே போகாமல் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் எரிச்சலாக ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்பதில்லை. நாம் என்ன செய்கிறோம் என்று அவர்களிடம் யாருமே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நானும் சொன்னதில்லை. ஒரு பொங்கல் விடுமுறைக்கு, லேபிள் எழுத வேண்டிய ஹெர்பேரியம் (உலர்செடித் தொகுப்பு) அட்டைகள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். 42 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம், கெட்டி வெள்ளை அட்டை. நடுவில் தைத்து ஒட்டிய செடி. வலது கீழ் மூலையில் லேபிள்: இரண்டு சொல்லில் ஆன அறிவியல் பெயர், குடும்பம், சேகரித்த இடம், தேதி, வட்டாரப் பெயர். திண்ணையில் பரப்பி வைத்திருந்தபோது அம்மாயி வந்து ஓர் அட்டையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேலே 'போயர்ஹாவியா டிஃப்யூசா' என்று ஆங்கில எழுத்தில் நான் அழகாக எழுதியிருந்தேன்.

"ஏஞ்சாமி, இது நம்ம மூக்கரட்டக் கீரைதான?"

மூக்கிரட்டைதான். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அம்மாயி ஒவ்வோர் அட்டையாகக் கேட்டார். எது மாட்டுக்கு ஆகாது, எது பஞ்ச காலத்தில் தின்றது, எதை அரைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வட்டாரப் பெயர் என்கிற கட்டத்தில் நான் காலியாக விட்டிருந்த ஏழு செடிகளுக்கு அன்று பெயர் கிடைத்தது. அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் "எம் பேத்தி செடி கணக்கெடுக்குது" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நம் வேலையை வீட்டு ஆட்களுக்குப் புரியும்படி சொல்லிப் பழகுவது ஆய்வுக்கும் நல்லது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுப் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், துறைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் புரியும் பேச்சு. அந்தப் போட்டிக்குத் தயாராக மேடை தேட வேண்டாம், பந்தியில் பக்கத்து இலைக்காரர் போதும்.

விளையாட்டை இடம் மாற்றி வைப்பது

1975-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். தனியாக எழுதியது, ஆனால் முழுக்க 'நாங்கள்' என்று எழுதியிருந்தார். ஒரே ஆள் எழுதிய கட்டுரையில் அப்படி இருந்தால் பத்திரிகை ஏற்காது என்று நண்பர் சொன்னார். தட்டச்சுக் காலம் அது, மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். தன் சயாமீஸ் பூனை செஸ்டரை இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப்.டி.சி. வில்லர்ட் என்று பெயர். முதல் மூன்று எழுத்து பூனை இனத்தின் பெயரும் செஸ்டரும், வில்லர்ட் என்பது அதன் தகப்பன் பூனையின் பெயர். 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' அதை வெளியிட்டது.

லேபில் இந்தக் கதையைக் கேட்டு மகிழாதவர் இல்லை. ஆனால் நாம் இதைச் செய்துபார்க்கக் கூடாது. அவருடைய இயற்பியல் உறுதியாக நின்றது, அதனால் பூனை ஓர் இனிய கதையாக மிஞ்சியது. இன்று பல பத்திரிகைகள் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன வேலை செய்தார் என்று எழுதித் தரச் சொல்கின்றன. வேலை செய்யாத நண்பனின் பெயரை அன்புக்காகச் சேர்ப்பது நம்மிடம் சகஜமாக நடக்கிறது. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனம் திறந்து எழுத ஆய்வேட்டில் ஓர் இடம் இருக்கிறது, நன்றியுரை. அதைத்தான் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, சீனியரின் ஆய்வேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறோம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் ஏறிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அப்படித் திறக்கிறவர்களில் எத்தனையோ பேர் முதலில் படிப்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான். முதல் வருடத்திலிருந்தே ஒரு சின்ன நோட்டில் பெயர்களைக் குறித்து வாருங்கள். மழையில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்த ஓட்டுநர், "அந்தப் பக்கம் கரடி வரும், போகாதீங்க" என்று கூடவே நடந்த வனக்காவலர், லேட்டாக வந்தாலும் தோசை ஊற்றித் தந்த மெஸ் அக்கா. ஐந்து வருடம் கழித்து யோசித்தால் முகம் நினைவுக்கு வரும், பெயர் வராது. நான் அந்த வனக்காவலரின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. என் நன்றியுரையில் 'வனத்துறைப் பணியாளர்கள்' என்று பொதுவாகத்தான் இருக்கிறது.

ஃபெல்லோஷிப் பற்றி ஒரு வரி. ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆனால் மாதாமாதம் வராமல் சில சமயம் மொத்தமாக வரும். வந்த அன்றே எல்லோருக்கும் பிரியாணி என்று கிளம்பாமல், முதலில் மெஸ் பாக்கியையும் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் அடைத்துவிடுங்கள். பிரியாணி அடுத்த நாள் சாப்பிட்டாலும் ருசியாகத்தான் இருக்கும்.

வைவாவைக் கடன் வாங்கிக் கொண்டாடுவது

முனைவர் பட்டத்தைக் கொண்டாடும் விதத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழக்கம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் புது டாக்டரை அலங்கரித்த வண்டியில் உட்காரவைத்து நண்பர்கள் இழுத்துப் போவார்கள். அவர் சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் வாத்து மேய்க்கும் சிறுமியின் சிலை மீது ஏறி முத்தம் கொடுத்துப் பூ வைப்பார். ஸ்வீடனில் வைவா என்கிற இறுதி வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் ஆய்வேட்டைச் சுத்தியலால் ஆணி அடித்துச் சுவரில் மாட்டும் பழக்கம் உண்டு. ஃபின்லாந்தில் பட்டமளிப்பின்போது தொப்பியோடு வாளும் தருவார்கள்.

நம் ஊரில் சாப்பாடு. துறை முழுக்க, சில இடங்களில் மற்ற துறைகளுக்கும் சேர்த்து. உதவித்தொகையே இல்லாமல் படித்த ஒரு நண்பர் இதற்காக நகையை அடகு வைத்தார். கேட்டது யாரும் இல்லை, "எல்லாரும் போடறாங்க, நான் மட்டும் எப்படி" என்பதுதான் காரணம். வைவா நடத்த விதிமுறையில் எங்கேயும் விருந்து இல்லை. ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை போதும். இதை ஆய்வாளர் சொல்ல முடியாது, கைடுதான் முன்கூட்டியே துறையில் சொல்லிவிட வேண்டும். எங்கள் கைடு சொன்னார், எங்கள் லேபில் அதற்குப் பிறகு யாரும் கடன் வாங்கவில்லை.

மிச்சப்பட்ட காசில் வீட்டு ஆட்களை வண்டி வைத்துக் கூட்டி வாருங்கள். பொது வைவா என்பதால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். "புரியாது, வந்து என்ன பண்ணப் போறாங்க" என்று விட்டுவிடாதீர்கள். என் வைவாவுக்கு அம்மாயி வந்திருந்தார். திரையில் மூக்கிரட்டைப் படம் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியரிடம் அந்தக் கீரைப் பொரியலுக்கு எவ்வளவு பருப்பு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு மேடை வரை கேட்டது.