ஒரு ட்ரே, ஒரு ஸ்ட்ரா, ஒரு சிட்டிகை மிளகுத்தூள்: கடல் நீரோட்டத்தை வீட்டிலேயே பார்க்கும் முறை

பள்ளி அட்லசில் தென் அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கே வரும் ஒரு நீரோட்ட அம்பு, பிரேசில் கரையை நெருங்கியதும் ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று என் மகள் கேட்டபோது, என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. காற்று கடலின் மேற்பரப்பைத் தள்ளுகிறது என்பது தெரியும். தள்ளப்பட்ட நீர் எங்கே போய்த் திரும்புகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை. இரண்டு மாலைகள் சமையலறையில் செலவழித்த பிறகுதான் அது விளங்கியது.

அடிப்பகுதி சமமான வெள்ளை நிற பிளாஸ்டிக் ட்ரே ஒன்றில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அலை முழுவதும் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். நீரின் ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்ட மிளகுத்தூளே போதும். மரத்தூள் ஊறி மூழ்கிவிடுகிறது; உணவு நிறமி அழகாக இருந்தாலும் அடியில் இறங்கிவிடுவதால் மேற்பரப்பைக் காட்டுவதில்லை. நிலத்தை உருவாக்கக் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்ப் பசையுள்ள களிமண்ணைப் பயன்படுத்துங்கள். நான் முதலில் சப்பாத்தி மாவை வைத்தேன். கால் மணி நேரத்தில் கடல் மோராகிவிட்டது.

என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது அடுத்த கட்டம். மிளகைத் தூவியவுடன், நான் ஊதுவதற்கு முன்பே அது ஓரத்துக்கு ஓடியது. அதன் பிறகு எவ்வளவு ஊதினாலும் ஏடு படிந்த பால்போல மேற்பரப்பு அசைய மறுத்தது. காரணம் ட்ரேயைக் கழுவிய சோப்புதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சோப்பு மிஞ்சியிருந்தாலும் அது நீரின் மேல் ஒரு படலமாகப் பரவி மேற்பரப்பைக் கட்டிப்போட்டுவிடும். வெந்நீரில் நான்கைந்து முறை அலசி, விரலையும் களிமண்ணையும்கூடக் கழுவிய பிறகே தொடங்குங்கள்.

ஸ்ட்ராவை நீரின் மேல் ஏறத்தாழப் படுக்கை நிலையில் பிடித்து, மெதுவாகவும் விடாமலும் ஊத வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி ஊதினால் நீர் நாலாபுறமும் சிதறுமே தவிர நீரோட்டம் உண்டாகாது. வளையும் கழுத்துள்ள ஸ்ட்ரா இதற்கு மிகவும் வசதியானது. முடி உலர்த்தும் கருவியின் காற்று மிக வேகமானது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நிலம் எதுவும் வைக்காமல் ட்ரேயின் நடுக்கோட்டில் ஊதுங்கள். மிளகு நேராக எதிர்ச்சுவர் வரை சென்று, இரண்டாகப் பிரிந்து, இரு ஓரங்களின் வழியே உங்களை நோக்கித் திரும்பி வரும். இதை நான் முதலில் சோதனையின் குறை என்றே எண்ணினேன். கடலுக்குச் சுவர் ஏது என்று நினைத்தேன். உண்மையில் அந்தச் சுவர்தான் கண்டம். காற்று தள்ளிய நீர் கரையில் முட்டிய பின் வேறு வழியின்றிப் பக்கவாட்டில் திரும்புவதால்தான், பெருங்கடல்களில் நீரோட்டம் நேர்கோடாக அல்லாமல் பெரும் சுழலாக அமைகிறது.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். களிமண்ணை ஆப்புபோலச் செய்து, அதன் கூர்முனை ஸ்ட்ராவை நோக்கி இருக்குமாறு எதிர்ச்சுவரோடு ஒட்டி வையுங்கள். பிரேசிலின் கிழக்கு முனை ஏறத்தாழ இப்படித்தான் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வியாபாரக் காற்று (வெப்ப மண்டலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே விடாமல் வீசும் காற்று) மேற்கே தள்ளிவரும் நீர் அந்தப் பகுதியில் பிரிந்து, ஒரு கிளை வடக்கே கரீபியன் கடலை நோக்கியும், மற்றொன்று பிரேசில் நீரோட்டம் என்ற பெயரில் தெற்கேயும் செல்கிறது. ஆப்பை ஒரு விரலளவு இடப்புறமோ வலப்புறமோ நகர்த்தி மீண்டும் ஊதிப் பாருங்கள். காற்று சிறிதும் மாறாமலேயே இரு கிளைகளின் பங்கு மாறிவிடும். இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தச் சோதனையைப் பலருக்கும் செய்து காட்டியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான நிலையைப் பார்க்க வட்டமான தாம்பாளத்தின் நடுவே ஒரு கனமான கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, சுற்றுப்பாதையில் ஒரே திசையில் ஊதுங்கள். தடுக்க எதுவும் இல்லாததால் நீர் திரும்பாமல் கிண்ணத்தையே சுற்றிவரும். அண்டார்க்டிகாவைச் சுற்றும் நீரோட்டம் இவ்வகையானது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகத் தீபகற்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 800 கி.மீ. அகலமுள்ள டிரேக் கடற்பாதை திறந்திருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. அந்த வழியைக் களிமண்ணால் அடைத்தால் சுற்று உடனே குலைந்துவிடும்.

பிற்சேர்க்கை: தமது ட்ரேயில் எப்போதும் இரட்டைச் சுழலே வருவதாகவும், வரைபடத்தில் வட பசிபிக் கடலில் வலஞ்சுழியாக ஒன்றே இருப்பதாகவும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. அங்கே தெற்கில் வியாபாரக் காற்று மேற்கு நோக்கியும், வடக்கில் மேலைக்காற்று கிழக்கு நோக்கியும் வீசுகின்றன. எனவே இருவர் எதிரெதிர் ஓரங்களில், எதிரெதிர்த் திசைகளில் ஊதினால் ஒற்றைச் சுழல் கிடைக்கும்.

ஆனால் பூமியின் சுழற்சியை இந்த ட்ரே காட்டாது. 1893 முதல் 1895 வரை ஆர்க்டிக் பனியில் ஃபிராம் கப்பலோடு மிதந்த நார்வே ஆய்வுப் பயணி நான்சென், பனிக்கட்டிகள் காற்றின் திசையில் செல்லாமல் 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகுவதைக் கண்டார். ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1905இல் வெளியிட்ட கட்டுரையில், பூமியின் சுழற்சியை வைத்து அதற்குக் கணித விளக்கம் அளித்தார். வட அட்லாண்டிக்கின் கல்ஃப் ஸ்ட்ரீம் போன்ற, பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் ஓடும் நீரோட்டங்கள் மட்டும் ஏன் குறுகலாகவும் வேகமாகவும் உள்ளன என்பதற்கும் அதே சுழற்சியே காரணம்: அதன் விளைவு அட்சரேகைக்கு ஏற்ப மாறுகிறது என்பதை வைத்து அமெரிக்கக் கடலியலாளர் ஸ்டொம்மல் 1948இல் அதை விளக்கினார். ஆகவே உங்கள் ட்ரேயில் இரு கரைகளிலும் ஓட்டம் ஒரே வேகத்தில் இருந்தால், நீங்கள் தவறாக ஊதுவதாக எண்ண வேண்டாம்.