இலவச டின்னர் என்று கூப்பிட்டால் உஷார்

விடுமுறைக்குப் போன இடத்தில் ‘ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், டின்னர் இலவசம்’ என்று டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் வருஷத்துக்குச் சில நாள் தங்கும் உரிமை) விற்பவர்கள் கூப்பிட்டால் நழுவிவிடுங்கள். நான் போய் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டேன்; வேண்டாம் என்றதும் மேனேஜர் வந்தார், விலை பாதியானது, ‘இன்றைக்கு மட்டும்தான்’ என்று பேனாவைக் கையில் திணித்தார், நானும் போட்டுத் தொலைத்தேன். சரி, கையெழுத்து போட்டாச்சு என்றால், அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒப்பந்தத்தில் ரத்து செய்வதற்கான கெடு எத்தனை நாள் என்று தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள், ஃபுளோரிடாவில் 10 நாள். போனில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு எழுத்தில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கெடு தாண்டிவிட்டால் தங்கினாலும் தங்காவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அப்புறம் விற்கலாம் என்றால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.