பதக்கம் பெற்ற குடியேறிய படைவீரரின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

தொண்டி முதல் கீழக்கரை வரை, பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களும் பட்டாளத்துக்குப் போனவர்களும் உள்ள குடும்பங்கள் பல. இங்குள்ள பள்ளி வரலாற்று மன்ற மாணவர்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வீரப்பதக்கம் (Medal of Honor) பெற்ற ஒரு குடியேறியவரைப் பற்றி எழுத முற்பட்டால், பழைய ஆவணங்களைப் படிக்க முதலில் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கை (பட்டாளத்திலிருந்து விலகும்போது தரும் பணிப் பதிவேட்டை) விரித்து, சேர்ந்த நாள், படைப்பிரிவு, விலகிய காரணம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போர்க் காலப் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படிக்கலாம். உப்புக் காற்றில் கறுத்துவிட்டதே என்று அதைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது, எழுத்துத் தேய்ந்துபோகும்.

அடுத்து, எந்தச் செயலுக்காகப் பதக்கம் தரப்பட்டது என்று கூறும் சான்றுரையைப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அயர்லாந்தில் பிறந்த தாமஸ் பிளங்கெட் 21ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படையில் சார்ஜெண்ட்டாக இருந்தவர். 1862 டிசம்பரில், வர்ஜீனியா மாநிலத்தின் பிரெடெரிக்ஸ்பர்க்கில் நடந்த போரில் கொடி ஏந்தியவர் சுடப்பட்டு விழ, பிளங்கெட் அக்கொடியை எடுத்து முன்னேறியபோது குண்டு வெடித்து இரு கைகளையும் இழந்தார் என்பதே சான்றுரையின் சாரம். கொடிக்காக ஒருவர் ஏன் இவ்வளவு துணிந்தார் என்பதை அது சொல்லாது. நீங்கள்தான் விளக்க வேண்டும். கருமருந்துப் புகை மூடிய களத்தில், படைப்பிரிவு கூடவும் நகரவும் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் கொடியே. ஆகவே எதிரியின் துப்பாக்கிகள் முதலில் குறிவைத்ததும் அதை ஏந்தியவரைத்தான்.

செயல் நடந்த ஆண்டையும் பதக்கம் வழங்கிய ஆண்டையும் கலந்துவிடாதீர்கள். பிளங்கெட்டுக்கு அது 1866இல்தான் கிடைத்தது. அக்காலத்தில் பதக்க விதிகள் தளர்வாகவே இருந்தன. பணிக்காலம் முடிந்த பிறகும் வாஷிங்டனைக் காக்க நின்றால் பதக்கம் என்ற வாக்குறுதியால், மேய்ன் மாநிலத்தின் 27ஆவது படைப்பிரிவில் 864 பேர் பட்டியலில் ஏறினர். 1917இல் நடந்த மறுஆய்வில் அவர்கள் உட்பட 911 பெயர்கள் நீக்கப்பட்டன. நீங்கள் எடுத்துக்கொண்டவரின் பெயர் அந்த நீக்கத்தில் உள்ளதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

குடியேறியவர்களின் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். எனவே பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், படைப்பிரிவு, கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு) ஆகியவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தினரைப் பெருமளவில் கப்பலேற்றியது. பட்டாளத்தில் சேர ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். ஆதலால், சான்று இல்லாமல் "புதிய நாட்டின் மீது கொண்ட பற்றால் சேர்ந்தார்" என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனம்.

போருக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத்தான் அதிக இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. பிளங்கெட் பின்னர் மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகையில் தூதுப் பணியாளராக இருந்து, 1885இல் மறைந்தார். இத்தகையோரின் ஓய்வூதியக் கோப்புகள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மருத்துவப் பரிசோதனைக் குறிப்புகள், திருமணச் சான்றுகள், கைம்பெண்ணின் உறுதிமொழிகள் போன்றவை அவற்றில் கிடைக்கக்கூடும். நகல் கேட்டு எழுதும்போது பெயர், மாநிலம், படைப்பிரிவு, கம்பெனி ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். பெயரின் மாற்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே எழுதுங்கள்.